அக்கா அடித்துப்போட்ட எண்

வானிலை அலுவலகத்தில் அவளுக்குக் கோட்டம்மா என்று பெயர். இரண்டாவது மாடியில், ஜன்னலை ஒட்டி, அடியில் டியூப்லைட் எரியும் சாய்வான கண்ணாடி மேஜை ஒன்று உண்டு. அதன் முன்னால் உட்கார்ந்து கோடு போடுவதுதான் இருபத்தேழு வருஷமாக அவள் வேலை.

டீ கொண்டுவருகிறவர் தினமும் கேட்பார். “என்ன கோட்டம்மா, இன்னைக்கு மழை உண்டா?”

“இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உண்டு, அந்தப் பக்கம் இல்ல. நீங்க எந்தப் பக்கம்?”

“மாமியார் வீட்டுப் பக்கம்.”

“அப்போ உங்களுக்குப் புயலே உண்டு.”

சிரித்துக்கொண்டே டம்ளரை வைத்துவிட்டுப் போவார். அவளும் சிரித்த முகத்தோடு பென்சிலைச் சீவுவாள். அந்த முகத்தில் சிரிப்பு இருந்த காலம் அது.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நாற்பது ஊர்களில் இருக்கும் சிறு நிலையங்கள் போனில் எண்களைச் சொல்லும். காற்றின் அழுத்தம், வெப்பம், காற்று வரும் திசை. அவற்றை அவள் வேலைத் தாளில் அந்தந்த ஊரின் புள்ளிக்குப் பக்கத்தில் எழுதுவாள். பிறகு ஒரே அழுத்தம் இருக்கும் இடங்களை எல்லாம் ஒரே கோட்டால் இணைப்பாள். கோடு நெளிந்து ஓடி, எங்காவது குறைந்த எண்ணைச் சுற்றி வட்டமாக மூடிக்கொண்டால் அங்கே அழுத்தம் இறங்கிக் கிடக்கிறது, மழைக்கு வழி இருக்கிறது என்று அர்த்தம். முடிந்ததும் சுத்தமான தாளில் மை வைத்து எடுத்தெழுதுவாள். அதற்கு நல்ல தாள் என்று பெயர். நல்ல தாள்தான் ஆவணம். வேலைத் தாள்களை இரண்டு மாதம் கட்டிவைத்துவிட்டுக் காகிதக் கூழுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவள் கையை யாரும் நிறுத்தவில்லை. அவள் கோட்டில் அவ்வளவு அழகு. குழந்தையின் தலையை வருடுகிற மாதிரி ஒரே இழுப்பில் போகும்.

படத்தின் நடுவில் வடக்கிலிருந்து தெற்குவரை ஒரு மலைத்தொடர். மேற்கிலிருந்து வரும் காற்று அதன்மேல் ஏறி இறங்கித்தான் இந்தப் பக்கம் வரவேண்டும். ஆனால் அவள் போடும் படத்தில் மலை கிடையாது. உயரத்தில் இருக்கும் நிலையங்களில் அழுத்தம் எப்போதுமே குறைவு. அதை அப்படியே எழுதினால் படம் முழுக்க மலையின் வடிவம்தான் தெரியும், வானிலை தெரியாது. அதனால் ஒவ்வோர் எண்ணையும் கடல் மட்டத்துக்குக் கணக்குப் போட்டு மாற்றிவிடுவார்கள். பாறைக்குள்ளே காற்றிருந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று ஒரு கற்பனை எண். மலையே இல்லாத மாதிரி அவள் கோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தடையில்லாமல் ஓடும்.

இனி அவள் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா அம்மா ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு ஒன்பது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், “இவனை எங்க விடறது?” என்று கேட்டே அவள் தலை நரைத்துப்போனது. அவனைப் படிக்கவைத்து, இதே துறையில் வேலைக்கும் சேர்த்துவிட்டாள். மலைக்குக் கிழக்கே, அடிவாரத்து ஆற்றங்கரை ஊரில் அவன் நிலையக்காரன். காற்றழுத்தம் காட்டும் ஒரு பாரோமீட்டர், ஒரு மழைமானி, பின்னால் ஒரு குடியிருப்பு. குடியிருப்பில் அவனும் மனைவியும், நிலையத்தில் அவன் தனி ஆள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் கடும் காய்ச்சல். நான்கு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. சொல்லி மாற்றாள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே மனதில் தோன்றிய எண்களைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நான்கு நாளும் கோட்டம்மாவின் கோடுகள் அவள் வாழ்நாளிலேயே அழகாக வந்தன. ஒரு நெளிசல் இல்லை. சோதனைக்குப் போன அதிகாரி மழைமானிக்குள் சிலந்தி கூடு கட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆறு மாதம் வேலை நீக்கம். அதிகாரிகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அக்கா அவனைத் திரும்பச் சேர்த்துவிட்டாள். ஆனால் பெயர் போகவில்லை. அலுவலகத்திலும் ஊரிலும் அவனுக்குக் கட்டில்காரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதன் பிறகு அவன் ஒரு வேளை தவறியதில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு அவன் எண்ணைச் சொன்னபோது கோட்டம்மாவின் பென்சில் நின்றது. பன்னிரண்டு மணிக்கு ஆயிரத்து ஆறு மில்லிபார் அழுத்தம் சொன்னவன், இப்போது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு என்கிறான். மூன்று மணி நேரத்தில் ஒன்பது இறக்கம். வெளியே வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

“திரும்பப் பார்த்துட்டு வா” என்றாள். சந்தேகமான எண் வந்தால் நிலையக்காரர் மறுபடி போய்ப் பார்க்கவேண்டும் என்பது வழக்கம்.

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். “அதேதான்க்கா. அரை இன்னும் குறைஞ்சிருக்கு.”

“மேகம் இருக்கா?”

“ஒரு துண்டு இல்ல. ஆனா மலைப் பக்கமிருந்து வெக்கையா காத்து அடிக்குது. கொடியில போட்ட துணி பத்து நிமிஷத்துல முறுமுறுன்னு காயுது.”

அவள் கவனித்திருக்க வேண்டியது அந்தத் துணியைத்தான். கவனிக்கவில்லை.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஊரின் எண் பக்கத்து ஊர்களோடு ஒட்டாமல் நின்றால், அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்து மூன்று நிலையங்களைப் பார்த்து ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். தம்பியின் ஊருக்குப் பக்கத்து நிலையங்கள் மூன்று. இரண்டில் ஆயிரத்து ஒன்பது, ஆயிரத்துப் பத்து. மூன்றாவது தூரத்துச் சமவெளியில், ஆயிரத்து ஐந்து. படத்தில் அந்த முதல் இரண்டும் இரண்டு விரல்கடை தூரம்தான். நிஜத்தில் அவை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தன.

மலைக்கு அந்தப் பக்கம் முட்டி மோதி நிற்கும் காற்றின் அழுத்தத்தை வைத்து, இந்தப் பக்கம் இறங்கி ஓடும் காற்றுக்கு அவள் எண் போட்டாள். ஆயிரத்து ஏழு. கோடு அழகாக வந்தது.

முன்னறிவிப்பு சொல்லும் அதிகாரியிடமும் ஒரு வார்த்தை கேட்டாள். எதற்கும் உண்டு இல்லை என்று சொல்லாதவர் என்பதால் அவருக்கு மேகம் சார் என்று பெயர்.

“கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலையே கோட்டம்மா. வந்தாலும் வரலாம். வராமலும் இருக்கலாம். யாரு சொன்ன எண்ணு?”

“என் தம்பி.”

“ஓ” என்றார். அந்த ஒற்றை எழுத்தில் ஒரு கட்டில் இருந்தது. அவளுக்குக் காது சுட்டது.

கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் உண்டு. அதற்குள்ளும் ஒரு மலை இருக்கிறது. ஆனால் சிகரங்களையும் பள்ளங்களையும் சராசரி போட்டு, தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று செய்த மலை. உயரம் பாதிதான். காற்று அதன்மேல் நோகாமல் ஏறி நோகாமல் இறங்கிவிடும்.

ஆறு மணிக்கு அவன் மறுபடி கூப்பிட்டான். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. எட்டு வருஷமாக அவனுக்காகத் தலைகுனிந்து நின்ற ஆத்திரம். “ஏண்டா, மறுபடியும் கட்டில்லேர்ந்தா?”

போனில் காற்று இரைந்தது.

“இல்லக்கா. வாசல்லதான் நிக்கிறேன்.”

“போய் இன்னொரு தடவை ஒழுங்கா பாரு.”

போனான். பார்த்தான். வந்தான். “தொண்ணூத்தொண்ணுக்குக் கீழேயே இருக்குக்கா. ஊருக்குச் சொல்லட்டுமா?”

“எச்சரிக்கை இங்கேர்ந்துதான் வரணும்னு தெரியாதா உனக்கு? இருக்கிற பேரு போதாதா? நாளைக்கு ஆளை அனுப்பி பாரோமீட்டரை மாத்தச் சொல்றேன். அது சரியில்ல, இல்லன்னா நீ சரியில்ல.”

“சரிக்கா” என்றான்.

அக்காவும் தம்பியும் பேசிக்கொண்ட கடைசி வார்த்தை அதுதான். அவள் அந்த எண்ணையும் சிவப்பில் அடித்துவிட்டு, ஆயிரத்து நான்கு என்று போட்டு, நல்ல தாளை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வானொலியில் வறண்ட வானிலை என்று சொன்னார்கள்.

விடிந்தபோது அந்த ஊரின் கீழ்த்தெருவே இல்லை. கிழக்கிலிருந்து ஈரக் காற்று சுழன்று வந்து மலைச்சரிவில் மோதி, ஒரு மாத மழையை விடியற்காலை நான்கு மணி நேரத்தில் கொட்டிவிட்டது. ஆறு தன் பாதையை விட்டுத் தெருவில் ஓடியது. முப்பத்தாறு பேர். நிலையமும் குடியிருப்பும் அடித்தளத்தோடு போயிருந்தன. தம்பியின் உடலை மூன்றாம் நாள், ஆறு வளையும் இடத்தில் எடுத்தார்கள். கையில் கட்டியிருந்த கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள் அக்கா. அழுகை வரவில்லை. அழுவதற்கு ஓர் உரிமை வேண்டுமே.

இருபது நாள் கழித்து, ஒரு மதியம், தம்பி மனைவி கோட்டம்மாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வெள்ளம் வந்த அன்று அவள் தன் தாயாரை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டு வேறு ஊரில் இருந்தவள். அதனால்தான் உயிரோடு இருக்கிறாள். இப்போது தங்கியிருப்பது அதே ஊரின் மேட்டுத்தெருவில் ஒரு வாடகை அறையில்.

தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

“கதவுல சேறு அப்புறாங்க அண்ணி. காலையில கழுவுறேன், மறுநாளும் அப்பியிருக்கு.”

“யாரு?”

“யாருன்னு சொல்ல? எல்லா வீட்டுலயும் ஒரு சாவு. ‘உன் புருஷன் தூங்கினான், எங்க பிள்ளைங்க எந்திரிக்கவே இல்ல’ன்னு கடையில வச்சுக் கேட்டா ஒருத்தி. நான் என்ன பதில் சொல்ல? விசாரணையில படத்தைக் காட்டினாங்களாம். நிலையத்துலேர்ந்து சாதாரண எண்ணுதான் வந்துச்சுன்னு.”

நல்ல தாளில் அப்படித்தான் இருந்தது. ஆயிரத்து ஏழு, ஆயிரத்து நான்கு. அவை யார் போட்ட எண்கள் என்று நல்ல தாள் சொல்லாது.

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அண்ணி. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அன்னைக்கு அவர் எந்திரிச்சுப் போய்ப் பார்த்தாரா? இல்ல, மறுபடியும்...” தண்ணீர் டம்ளரைத் தரையில் வைத்தாள். “போன்ல உங்ககிட்டதானே பேசினாரு. நீங்க சொன்னா நான் நம்புவேன்.”

சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் முப்பத்தாறு பிணங்கள் வரிசையாகக் கிடந்தன.

“எனக்குத் தெரியலம்மா” என்றாள்.

தம்பி மனைவி தலையை ஆட்டினாள். தான் பயந்தது சரிதான் என்று அவள் புரிந்துகொண்டாள் என்பது அந்தத் தலையாட்டலில் தெரிந்தது. இறந்துபோனவன் அன்று இரண்டாம் தடவையாக இறந்தான், பெற்ற தாய் மாதிரி வளர்த்தவளின் வாயால்.

அன்று சாயங்காலமே கோட்டம்மா அலுவலகத்துக்குப் போய், மேகம் சார் முன்னால் நின்றாள்.

“சார், வேலைத் தாள்ல அவன் சொன்ன எண்ணு இருக்கு. நான் அடிச்சது இருக்கு.”

அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “அந்தத் தாள் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இந்த மாசக் கட்டு சீக்கிரமே கூழுக்குப் போகும்னு பேசிக்கிறாங்க.”

“போறதுக்கு முன்னாடி எடுக்கணும் சார்.”

“பாருங்க கோட்டம்மா. தம்பி போயிட்டான், திரும்பி வரப் போறதில்ல. நீங்க இருக்கீங்க. நானும் இருக்கேன். நீங்க அடிச்சீங்கன்னா, அதை நான் பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்?”

முதல் தடவையாக அவர் தெளிவாகப் பேசினார். அவளும் தெளிவாகவே கேட்டாள்.

“சாவி குடுங்க சார்.”

கொடுத்தார். அந்த மனிதரிடம் கெட்ட எண்ணம் கிடையாது, பயம்தான். ஸ்டோர் ரூமில் தூசிக்கு நடுவே கட்டை அவிழ்த்து, அன்றைய ஆறு மணித் தாளை அவள் எடுத்தாள். தன் கையெழுத்தையும் சிவப்புக் கோட்டையும் பார்த்தபோதுதான், வெள்ளத்துக்குப் பிறகு முதல்முறையாக, தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் கழித்து விசாரணை மறுபடி கூடியது. முதல் மாடியில் நீளமான அறை, நீளமான மேஜை, மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. சுவரோரம் நாற்காலிகளில் அந்த ஊர்க்காரர்கள் சிலர். கடைசி நாற்காலியில் தம்பி மனைவி.

கோட்டம்மா தாளை மேஜைமேல் விரித்தாள். “இது அவன் சொன்ன எண்ணு. இது நான் அடிச்சது. இது நான் போட்டது.”

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“எதனாலம்மா அடிச்சீங்க?”

“ரெண்டு காரணம். ஒண்ணு, பக்கத்து எண்ணோட ஒட்டல. இன்னொண்ணு, சொன்னது என் தம்பி.”

“இந்த எண்ணை அடிக்காம வரைஞ்சிருந்தா படம் எப்படி வந்திருக்கும்? இப்ப போட்டுக் காட்ட முடியுமா?”

ஒரு பென்சில் கொடுத்தார்கள். தாளில் பென்சிலை வைத்தாள். மலைக்கு மேற்கே கோடுகள் நெருக்கமாக முட்டி நின்றன. கிழக்கே வந்ததும் ஒரு கோடு தெற்காக வளைந்தது. அடுத்த கோடும் வளைந்தது. மூன்றாவது கோடு போய்த் தன் வாலையே பிடித்துக்கொண்டு, தம்பியின் ஊரைச் சுற்றி வட்டமாக மூடிக்கொண்டது. கால் மணி நேரம் ஆயிற்று. இதைப் பார்த்த எந்த அதிகாரியும் அன்று மாலையே எச்சரிக்கை கொடுத்திருப்பார் என்பது, வானிலை தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி இருந்தது.

“மழை இல்லாத வானத்துல இது எப்படிம்மா வரும்?”

“காத்து மலைமேல ஏறும்போது, மேலே இருக்கிற காத்துக்கும் மலைக்கும் நடுவுல நசுங்குது, தட்டையாகுது சார். இந்தப் பக்கம் இறங்கும்போது மறுபடி நீளுது. நீண்டா ஒல்லியாகும். ஒல்லியானா வேகமா சுத்தும், தொட்டித் தண்ணி ஓட்டைகிட்ட வரும்போது சுத்துற மாதிரி. அதனாலதான் மலைக்கு இந்தப் பக்கம் அழுத்தம் விழுது. இறங்குற காத்து சூடாகும், காயும். அதனால வானம் வெளுப்பாத்தான் இருக்கும். அது நல்ல வானம் இல்ல. துணி சீக்கிரம் காயுதுன்னு அவன் சொன்னான்.”

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். மூணு நாலு மில்லிபார் விழும், அடங்கிடும். அன்னைக்கு மேலே இன்னொண்ணு வந்துச்சு. மேக்கேர்ந்து உயரத்துல ஓடுற பெருங்காத்து, நேரா ஓடாது சார். மலை தடுக்கிறதால வளைஞ்சு வளைஞ்சு, ஆயிரம் மைலுக்கு அலை அலையாப் போகும். நடு ஆத்துல பாறை கெடந்தா அதைத் தாண்டியும் தண்ணி நெளியுமில்ல, அப்படி. அந்த அலையோட பள்ளம் அன்னைக்குச் சரியா அவன் ஊருக்கு மேலே வந்து நின்னுச்சு. கீழே ஒரு பள்ளம், மேலே ஒரு பள்ளம். ரெண்டும் சேர்ந்துச்சு. அது வந்ததுக்கு ஒரே சாட்சி அவன் சொன்ன எண்ணுதான்.” சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். “பொய் சொன்னப்போ கோடு அழகா வந்துச்சு, நம்பினேன். நிஜத்தைச் சொன்னான், கோடு கோணலாச்சு. அடிச்சுட்டேன்.”

அவளை வேலையிலிருந்து நிறுத்திவைப்பதாக அங்கேயே எழுதினார்கள். மேகம் சார் தலைநிமிராமல் உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்களில் ஒரு பெண்மணி எழுந்து வந்து, கோட்டம்மாவின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நடைவழியில் தம்பி மனைவி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“அவர் எத்தனை தடவை எந்திரிச்சுப் போனாரு அண்ணி?”

“எனக்குத் தெரிஞ்சு நாலு தடவை. மூணு மணிக்கு ரெண்டு தடவை, ஆறு மணிக்கு ரெண்டு தடவை. ஒன்பது மணிக்கு லைன் போயிடுச்சாம். அப்புறமும் போயிருப்பான்.”

“நாலு தடவை.” அதை அவள் பொறுமையாக விழுங்கினாள். “அன்னைக்கு வீட்டுக்கு வந்தேனே. தெரியலன்னீங்க.”

“சொன்னேன்.”

“நானும் நம்பிட்டேன். அவரைப் போய்த் தூங்கியிருப்பாருன்னு நானும் நினைச்சேன். இருபது நாளா மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன் அண்ணி.” கண்ணைத் துடைக்காமலே நிமிர்ந்தாள். “அவருக்குன்னு இந்த உலகத்துல இருந்தது நாம ரெண்டே பேரு. ரெண்டு பேரும் நம்பல.”

கோட்டம்மா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையைப் பின்னால் வாங்கிக்கொண்டாள். அதில் கோபம் இல்லை, களைப்புதான்.

“இங்க வந்து சொன்னீங்களே, அதுக்கு நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனா இனிமே நீங்க என்னைப் பார்க்க வரவேண்டாம். என்னால முடியாது.”

படியிறங்கிப் போய்விட்டாள். கோட்டம்மா நடைவழி ஜன்னலுக்கு வந்து நின்றாள். கீழே தெருவுக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில், அந்த ஊர்க்காரர்கள் மூன்று பேர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுவிட்டவர்கள். தம்பி மனைவி தெருவைக் கடந்து நேராக அவர்களிடம் போனாள். என்ன பேசினாள் என்று மாடிக்குக் கேட்கவில்லை. வலது கையைத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, நான்கு விரல்களைக் காட்டினாள்.

ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்ற இருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஒருவர் கையை உதறிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பஸ் வந்து நின்றது. அவள் நகரவில்லை. திரும்பிக்கொண்டவரின் முன்பக்கம் சுற்றிப் போய் நின்று, மறுபடியும் அந்த நான்கு விரல்களைக் காட்டினாள்.